பாலம் போடுமுன் ஆற்றைக் கேளுங்கள்!

ஆற்றுக்கு இந்தப் பக்கம் வீடு. அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை. நடுவில் ஆறு.

இப்படிப்பட்ட ஊர்கள் நம் நாட்டில் எத்தனையோ! கோடைக் காலத்தில் கவலை இல்லை. மணலில் இறங்கி நடந்தே போய்விடலாம். மழை வந்தால்தான் வினை. அக்கரை கண்ணுக்குத் தெரியும். ஆனால் போக முடியாது. பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடும். பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணை, பல மைல் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

அந்த ஊருக்குப் பாலம் வருகிறது என்றால் எப்படி இருக்கும்? கல்யாண வீடு மாதிரி ஊரே களை கட்டிவிடும். திறப்பு விழா அன்று வாழை மரம் கட்டுவார்கள். மேளம் கொட்டுவார்கள். பாலத்தின் மீது நடந்து பார்க்கக் கிழவர்களும் குழந்தைகளும் ஓடி வருவார்கள்.

அந்தப் பாலம் மூன்றே மாதத்தில் ஆற்றோடு போய்விட்டால்?

கதை அல்ல. நடந்தது.

மூன்று மாதப் பாலம்

திருவண்ணாமலை மாவட்டத்தில் தென்பெண்ணை ஆறு ஓடுகிறது. அதன் குறுக்கே, அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் நடுவே ஒரு பெரிய பாலம் கட்டினார்கள். ஏறக்குறைய 16 கோடி ரூபாய் செலவு. 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் பாலத்தைத் திறந்தார்கள்.

நவம்பர் மாதம் முடியும் நேரம். பெஞ்சல் புயல் வந்தது. மழை கொட்டித் தீர்த்தது. மேலே இருக்கும் சாத்தனூர் அணை நிரம்பிவிட்டது. வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை பெருக்கெடுத்தது. புதுப் பாலம் இடிந்து வெள்ளத்தோடு போயிற்று.

"பாலம் தாங்கும் என்று கணக்குப் போட்ட அளவைப் போல் பல மடங்கு தண்ணீர் வந்துவிட்டது" என்று அரசு தரப்பில் காரணம் சொன்னார்கள்.

காரணம் சரியாகவே இருக்கட்டும். ஆனால் அதைக் கேட்டதும் மனதில் ஒரு கேள்வி எழுகிறது. ஆற்றுக்கு மேலே ஓர் அணை இருக்கிறது. அதன் மதகுகளை எல்லாம் திறந்தால் எவ்வளவு தண்ணீர் வரும் என்பது அணை கட்டிய நாளிலேயே போட்ட கணக்கு. கீழே பாலம் போட்டபோது அந்தக் கணக்கை யார் பார்த்தார்கள்?

குற்றம் சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை. நாளைக்கு இன்னோர் ஊரில், இன்னோர் ஆற்றில் பாலம் போடப் போகிறார்கள். அப்போதாவது கேட்க வேண்டும் அல்லவா?

நெல்லையில் ஒரு மனிதர்

பாலத்தின் பெருமையைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் திருநெல்வேலிக்குப் போக வேண்டும்.

இந்தப் பக்கம் திருநெல்வேலி. அந்தப் பக்கம் பாளையங்கோட்டை. நடுவே தாமிரபரணி. அந்தக் காலத்தில் படகுக்குக் காத்திருந்துதான் ஆற்றைக் கடக்க வேண்டும். வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை.

கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தேதாராக இருந்தவர் சுலோசன முதலியார். ஜனங்கள் படும் பாட்டை அவர் பார்த்தார். பாலம் கட்டத் தம் சொந்தப் பணத்தையே கொடுத்தார். சுமார் 50 ஆயிரம் ரூபாய்! அந்தக் காலத்து 50 ஆயிரம்! அவருடைய மனைவி தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்று நெல்லையில் இன்றும் சொல்வார்கள்.

1843ஆம் ஆண்டு பாலம் திறந்தார்கள். 11 வளைவுகள் கொண்ட அழகான பாலம். இடையில் பழுது பார்த்திருக்கிறார்கள். அகலப்படுத்தியும் இருக்கிறார்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணியில் பயங்கர வெள்ளம் வந்ததே, அதையும் தாங்கிக்கொண்டு நின்றது. கொடுத்தவர் பெயரிலேயே 'சுலோசன முதலியார் பாலம்' என்று ஊர் அதை அழைக்கிறது.

அன்று ஒருவர் கொடுத்தார். இன்று நாம் எல்லோரும் கொடுக்கிறோம். தீப்பெட்டி முதல் துணிமணி வரை எதை வாங்கினாலும் வரி கட்டுகிறோம். அந்தப் பணத்தில்தான் பாலம் எழுகிறது. காசு கொடுத்தவனுக்குக் கேள்வி கேட்கவும் உரிமை உண்டு.

மணலில் நிற்கும் கால்

பாலம் எப்படி விழுகிறது? மேலே லாரி பாரம் தாங்காமல் விழுகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆற்றுப் பாலங்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் ஆபத்து மேலே இல்லை, கீழே இருக்கிறது.

கடற்கரைக்குப் போயிருப்பீர்கள். அலை வந்து திரும்பும்போது அசையாமல் நின்று பாருங்கள். உங்கள் குதிகாலுக்கு அடியில் இருக்கும் மணல் கரைந்து ஓடும். கால் உள்ளே இறங்கும். உடம்பு தள்ளாடும்.

பாலத்தின் தூணுக்கு நடப்பதும் இதுவேதான்! வேகமாக வரும் வெள்ளம் தூணில் மோதுகிறது. மோதிய தண்ணீர் கீழ் நோக்கித் திரும்புகிறது. தூணைச் சுற்றிச் சுழன்று மணலைத் தோண்டுகிறது. வெள்ளம் பெருகப் பெருகக் குழியும் ஆழமாகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெள்ளம் வடியும்போது, மேலிருந்து வரும் மணல் அந்தக் குழியில் வந்து நிரம்பிவிடும். கோடையில் போய்ப் பார்த்தால் தூணைச் சுற்றி மணல் சமமாக இருக்கும். "ஒரு பழுதும் இல்லையே!" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். வெள்ளம் தோண்டிய குழியை வெள்ளமே மூடிவிட்டுப் போயிருக்கும். ஆனால் அப்படி நிரம்பிய மணல், இறுகிய பழைய மணல் அல்ல. அடுத்த வெள்ளத்தில் அதுதான் முதலில் ஓடும்.

இது என்ஜினீயர்களுக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். அதற்காகத்தான் அஸ்திவாரத்தை ஆழத்தில் இறக்குகிறார்கள்.

நம் ஊரில் கிணற்றுக்கு உறை இறக்குவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே வேலைதான். ஆற்று மணலின் மேல் பெரிய கான்கிரீட் உறையைக் கட்டுவார்கள். உள்ளே இருக்கும் மணலை அள்ளி அள்ளி வெளியே போடுவார்கள். உறை தன் பாரத்தாலேயே கீழே இறங்கும். வேண்டிய ஆழம் வந்ததும் அடியைக் கான்கிரீட்டால் அடைத்து, அதன் மேல் தூணை எழுப்புவார்கள். பெரிய ஆறுகளில் இந்தக் கிணறு ஒன்றில் சிறு வீடே அடங்கிவிடும்.

எவ்வளவு ஆழம் இறக்க வேண்டும்? அதற்கு விதி உண்டு. பெருவெள்ளத்தின் நீர்மட்டத்திலிருந்து, ஆறு எவ்வளவு ஆழம் வரை தோண்டும் என்று முதலில் கணக்கிட வேண்டும். அதோடு நிற்கக் கூடாது. அந்த ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் கீழே போக வேண்டும். அதற்குப் 'பிடி' என்று பெயர். மரத்துக்கு வேர் எப்படியோ, பாலத்துக்குப் பிடி அப்படி.

நூறு வருஷ வெள்ளம்

ஆறு எவ்வளவு தோண்டும் என்பது வெள்ளத்தின் அளவைப் பொறுத்தது. அதை எப்படிக் கணக்கிடுவது?

"நூறு வருஷத்துக்கு ஒரு முறை வரும் வெள்ளம்" என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். முக்கியமான பாலங்களை அதைத் தாங்கும்படி கட்ட வேண்டும் என்பார்கள். இந்தப் பேச்சைக் கேட்டு நாம் ஏமாந்துவிடக் கூடாது. இந்த வருஷம் வந்துவிட்டது, இனி நூறு வருஷத்துக்குப் பயம் இல்லை என்பது இதன் பொருள் அல்ல. எந்த வருஷமும் அது வருவதற்கு நூறில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். அடுத்தடுத்து இரண்டு வருஷமும் வரலாம்.

ஒரு பாலம் நூறு வருஷம் நிற்க வேண்டுமானால், அதன் வாழ்நாளில் அந்த வெள்ளம் ஒரு முறையாவது வருவதற்கு நூறில் 63 பங்கு வாய்ப்பு இருக்கிறது. பாதிக்கும் மேல்! ஆகவே அதை எதிர்பார்த்துத்தான் கட்ட வேண்டும்.

கணக்குக்கு வேண்டியது பழைய விவரம். எந்த வருஷம், எந்த மட்டம் வரை தண்ணீர் வந்தது என்று தெரிய வேண்டும். ஆபீஸ் ஏட்டில் இல்லாத விஷயம் ஊர்க் கிழவரிடம் இருக்கும். "அந்த வெள்ளத்தில் கோவில் படி மூன்று முங்கிப் போச்சு" என்று கையைக் காட்டிச் சொல்வார். படம் போடும் என்ஜினீயர் அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடும்?

செலவைச் சுருக்கப் பாலத்தின் நீளத்தைக் குறைப்பதும் உண்டு. ஆற்றுக்குள் மண்ணைக் கொட்டிக் கரையை நீட்டிவிடுவார்கள். பாலம் சின்னதாகும். செலவும் குறையும். ஆனால் ஆறு சின்னதாகுமா? அகலத்தில் போக வேண்டிய தண்ணீர், குறுகிய வழியில் முட்டி மோதிக்கொண்டு வேகமாகப் போகும். வேகம் கூடினால் தோண்டுவதும் கூடும். மேலே மிச்சப்படுத்திய காசைக் கீழே ஆறு வசூலித்துவிடும்.

கொள்ளிடம் சொன்ன பாடம்

திருச்சிக்குப் போவோம். திருவானைக்காவலுக்கு வடக்கே, கொள்ளிடத்தின் குறுக்கே ஒரு பாலம் இருந்தது. 1928ஆம் ஆண்டு கட்டியது. எத்தனையோ வெள்ளங்களைப் பார்த்த பாலம்.

அதற்கு வயதாகிவிட்டதால் பக்கத்திலேயே புதுப் பாலம் கட்டி 2016ல் திறந்தார்கள். பழைய பாலத்தில் வண்டிகள் போவதை நிறுத்தினார்கள். காலையிலும் மாலையிலும் ஜனங்கள் அதில் காற்று வாங்க நடந்தார்கள்.

2018 ஆகஸ்டில் மேட்டூர் அணை நிரம்பியது. வினாடிக்கு 2 லட்சம் கன அடி அளவுக்குத் தண்ணீர் வந்தது. வெள்ளத்தின் பெரும் பகுதியைச் சுமப்பது கொள்ளிடம்தானே? பழைய பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. மேலே இருந்த இரும்புப் பாலம் உடைந்து ஆற்றில் விழுந்தது. வண்டிப் போக்குவரத்து இல்லாத நேரம், உயிர்கள் தப்பின. அதே மாதம் 22ஆம் தேதி, முக்கொம்பில் உள்ள கொள்ளிட மேலணையில் 9 மதகுகள் உடைந்தன.

90 வருஷம் நின்ற பாலம் ஏன் விழுந்தது? வயது ஒரு காரணம். வெள்ளம் ஒரு காரணம். அவ்வளவுதானா?

கொள்ளிடத்தில் இறங்கிப் பாருங்கள். வருஷக்கணக்கில் லாரி லாரியாக மணலை அள்ளியிருக்கிறார்கள். மேலே அணைகள் கட்டியபின், புதிதாக வரும் மணலும் குறைந்துவிட்டது. வரவு இல்லை, செலவு மட்டும் நடக்கிறது. ஆற்றின் தரை கீழே போகிறது.

இப்போது 'பிடி'யை நினைத்துப் பாருங்கள். ஓர் ஆள் உயரத்துக்கு மணல் போனால், பாலம் ஓர் ஆள் உயரப் பிடியை இழக்கிறது. என்ஜினீயர் போட்ட கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் அவர் கணக்குப் போட்ட ஆறு அங்கே இல்லையே!

புதுப் பாலத்துக்கும் கவலை வந்தது. மண் அரிப்பைத் தடுக்க அதன் அருகே ஒரு சுவர் கட்டினார்கள். 2024 ஆகஸ்டில் வந்த வெள்ளத்தில் அந்தச் சுவரிலும் ஒரு பகுதி அடித்துக்கொண்டு போயிற்று.

பாலத்துக்கு அருகே இத்தனை தூரத்துக்குள் மணல் அள்ளக் கூடாது என்று விதி இருக்கிறது. விதி காகிதத்தில் இருக்கிறது. லாரி ஆற்றில் இருக்கிறது. வீட்டு அஸ்திவாரத்தை நாமே தோண்டி விற்றுவிட்டு, "ஐயோ, சுவரில் விரிசல்!" என்று அலறுவது போல் அல்லவா இருக்கிறது!

பாலம் மூடினால்...

திருச்சி நகரத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே காவிரிப் பாலம் இருக்கிறது. 1976ல் கட்டியது. அதில் பழுது கண்டு, 2022 செப்டம்பரில் போக்குவரத்தை நிறுத்தி வேலை தொடங்கினார்கள். பாலத்தின் மேல்தளம் உட்கார்ந்திருக்கும் தாங்கிகளையும், தளத்துக்கும் தளத்துக்கும் நடுவே உள்ள இணைப்புகளையும் சரி செய்தார்கள். ஏறக்குறைய 7 கோடி ரூபாய் செலவு. 2023 மார்ச்சில் பாலம் திரும்பத் திறந்தது.

ஆறு மாதம்! அந்த நாட்களில் பூக்கார அம்மாள் ஒருவரைச் சந்தித்தேன். ஸ்ரீரங்கத்தில் பூ வாங்கி, திருச்சியில் விற்பவர்.

"எப்படிம்மா இருக்கு வியாபாரம்?" என்று கேட்டேன்.

"என்னத்தைச் சொல்ல தம்பி! முன்னே அஞ்சு நிமிஷத்திலே அக்கரைக்குப் போயிடுவேன். இப்ப பஸ் ஊரைச் சுத்திக்கிட்டுப் போகுது. போய்ச் சேர்றதுக்குள்ளே பூ வாடிப் போவுது. வாடின பூவை யார் வாங்குவா?" என்றார்.

படத்தில் ஒரு கோடாகத் தெரியும் பாலம், அந்த அம்மாளுக்கு அன்றாடச் சோறு. ஆகவேதான் பாலம் கட்டுவதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. குஜராத்தில் மஹி ஆற்றின் மேல் இருந்த கம்பீரா பாலம் 1985ல் திறந்தது. 2025 ஜூலையில் அது உடைந்து, வண்டிகள் ஆற்றில் விழுந்தன. பலர் மாண்டார்கள். பாலத்துக்கு வயது 40தான்.

திருச்சி காவிரியில், பழைய பாலத்தின் அருகிலேயே 106 கோடி ரூபாய் மதிப்பில் இன்னொரு பாலத்துக்குத் திட்டம் போட்டார்கள். நல்ல காரியம். நகரம் வளர்ந்துவிட்டது; பாலமும் வேண்டும். பாலமே வேண்டாம் என்பவன் நான் அல்லன். ஆற்றைக் கேட்காமல் பாலம் வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

ஐந்து கேள்விகள்

உங்கள் ஊர் ஆற்றில் பாலம் வரப் போகிறதா? சந்தோஷம்! மாலை வாங்குவதற்கு முன் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

முதல் கேள்வி: எந்த வெள்ளத்துக்குக் கணக்குப் போட்டீர்கள்? மேலே அணை இருந்தால், அதிலிருந்து வரக்கூடிய முழுத் தண்ணீரும் அந்தக் கணக்கில் இருக்கிறதா?

இரண்டாவது கேள்வி: ஆற்றின் தரை இன்று எந்த மட்டத்தில் இருக்கிறது? பத்து வருஷத்துக்கு முன் எந்த மட்டத்தில் இருந்தது? பாலத்துக்கு மேலேயும் கீழேயும் மணல் அள்ளாமல் யார் காவல் காப்பார்கள்?

மூன்றாவது கேள்வி: பாலத்தை ஒட்டிய கரைக்கு என்ன பாதுகாப்பு? இது சிறிய கேள்வி அல்ல. 1956 நவம்பர் 23ஆம் தேதி விடியற்காலை, அரியலூர் அருகே மருதையாற்றில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. வெள்ளம் பாலத்தை ஒட்டிய கரையை அரித்திருந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். பாலம் என்றால் தூண் மட்டும் அல்ல. கரையும் சேர்ந்ததுதான் பாலம்.

நான்காவது கேள்வி: நடந்து போகிறவர்களுக்கு வழி எங்கே? காருக்கும் லாரிக்கும் அகலமாக ரோடு போட்டுவிட்டு, ஓரத்தில் ஒரு முழம் விட்டால் போதுமா? ஆடிப்பெருக்கு அன்று காவிரிப் பாலத்தைப் பாருங்கள். தாய்மார்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவார்கள். பள்ளிப் பிள்ளைகள் தினமும் சைக்கிளில் போவார்கள். வீட்டையும் கடையையும் பாலத்துக்காக இழப்பவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு உரிய பணம், இடிக்கும் முன்பே கைக்கு வருமா?

ஐந்தாவது கேள்வி: திறப்பு விழாவுக்குப் பிறகு யார் பார்ப்பார்கள்? ஒவ்வொரு வெள்ளம் வடிந்த பின்பும் தண்ணீருக்கு அடியில் தூணைச் சோதிப்பார்களா? சோதித்த விவரத்தை ஜனங்கள் பார்க்கும்படி எழுதி வைப்பார்களா?

"இதெல்லாம் படித்தவர்கள் கேட்க வேண்டியது, நமக்கு என்ன தெரியும்?" என்று ஒதுங்கி நிற்காதீர்கள். ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர்கள் நீங்கள். எந்த மாதம் தண்ணீர் வரும், எந்த இடத்தில் சுழல் இருக்கும், எந்த இரவில் மணல் லாரி போகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். கலெக்டருக்கு மனுக் கொடுங்கள்.

பதில் சொல்லச் சில மாதம் ஆகலாம். பாலம் கொஞ்சம் தாமதமாக வரலாம். செலவு கூடலாம். பரவாயில்லை. அஸ்திவாரத்தை இன்னும் சில அடி இறக்குவதற்கு ஆகும் செலவு, விழுந்த பாலத்தைத் திரும்பக் கட்டும் செலவை விடக் குறைவு. போன உயிரை எந்தச் செலவு செய்தும் திரும்பக் கொண்டுவர முடியாது.

மழை இரவில் ஒரு தாய் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்கரை ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள். கீழே வெள்ளம் இரைந்துகொண்டு போகும். "பாலம் தாங்குமா?" என்ற நினைப்பே அவளுக்கு வரக் கூடாது. அந்த நம்பிக்கையைத்தான் நாம் கட்ட வேண்டும்.